மாப்பிள்ளையின் இடது முன்னங்கால்

1.

இந்தக் கதை நான் தலையைக் குனிந்திருந்தபோது நடந்தது. அதனால்தான் எழுத வேண்டியிருக்கிறது. பார்த்திருந்தால் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன்.

இன்று காலை நடந்ததை இன்று மதியமே எழுதுகிறேன். மைதானத்தை ஒட்டிய மரப்படிகளில், மேல் வரிசையில், மடியில் ஓர் அட்டை. மிச்சமாகிப்போன மதிப்பெண் தாள்களின் முதுகில்தான் எழுத்து. ஆற அமர எழுத நேரமில்லை. கீழே கம்பங்களை நிறுத்திக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் கொஞ்ச நேரத்தில் குதிரைகள் ஒவ்வொன்றாக உள்ளே வரும். அவற்றில் ஒன்று இந்தக் கதையின் குதிரை. அது வருவதற்குள் முடிவைக் கண்டுபிடித்தாக வேண்டும். ஏன் அதற்குள் என்று கேட்காதீர்கள். (கேளுங்கள். பிறகு சொல்கிறேன்.)

ஆரம்பத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். அடித்ததையும் காட்டிவிடுகிறேன்.

‘பனி விலகாத அந்தக் காலைப்பொழுதில், கம்பீரமான கரும்பழுப்புக் குதிரை தன் பிடரியைச் சிலிர்த்து’ — போதும். காலண்டரில் போடலாம்.

‘குதிரைக்கும் பெண்ணுக்கும் இடையே இருந்தது வார்த்தைகளுக்கு அப்பாற்பட்ட’ — அவளிடம் இதைப் படித்துக் காட்டினால் சாணி அள்ளும் முள்வாரியோடு துரத்துவாள்.

‘லாடக்காரர் மகள் விடியும் முன்பே லாயத்துக்கு வந்துவிட்டாள்.’ — இது இருக்கட்டும். இதில் பொய் இல்லை.

2.

லாடக்காரர் மகள் விடியும் முன்பே லாயத்துக்கு வந்துவிட்டாள். குதிரையை லாயத்திலிருந்து வெளியே கூட்டிவந்து கல் பாவிய முற்றத்தில் நாலடி நடத்திப் பார்த்தாள். நன்றாகத்தான் நடந்தது. திருப்பினாள். திருப்பும்போது ஏதோ ஒன்று. இடது முன்னங்காலை ஊன்றவில்லை என்று சொல்ல முடியாது. ஊன்றுவதற்கு முன் யோசித்தது.

குனிந்து குளம்பைத் தொட்டாள். சூடாக இருந்தது. வலது குளம்பைத் தொட்டாள். அதுவும் சூடு மாதிரிதான் இருந்தது. குளம்பு சூடா, இல்லை, தன் கைதான் சில்லிட்டுப் போயிருக்கிறதா என்று தெரியாமல் கன்னத்தில் கையை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

குதிரைக்குப் பதிவில் வேறு பெயர். லாயத்தில் எல்லோருக்கும் அது மாப்பிள்ளை. தண்ணீர் வாளியைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் குடிக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கெஞ்ச வேண்டும். கெஞ்சினாலும் உடனே வந்துவிடாது. கெஞ்சியதை நாலு பேர் பார்த்தார்களா என்று பார்த்துவிட்டுத்தான் வரும்.

இந்த மாப்பிள்ளையை அவள் பழக்கிய கதையே தனி. முதல் போட்டியில் வேலியைத் தாண்டி வெளியே குதித்து, அவளையும் சுமந்துகொண்டு டீக்கடை வரை போய் நின்றது. தண்ணீர் என்றால் உயிர்பயம். மழை தேங்கிய குழியைக்கூடச் சுற்றிக்கொண்டு போகும். அவள் அடிக்கவில்லை, இழுக்கவில்லை. பயிற்சிக் குட்டைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, முழங்கால் நனைய உட்கார்ந்து, தினமும் செய்தித்தாள் படித்தாள். தன்னை விட்டுவிட்டு அப்படி என்ன படிப்பு என்று பொறுக்காமல் ஒரு நாள் மாப்பிள்ளை தானே இறங்கி வந்து செய்தித்தாளைக் கடித்தது. போன பருவத்தில் எல்லாத் தடையையும் தாண்டிவிட்டுக் கடைசிக்கு முந்தியதில் கொடிகளுக்குத் தப்பான பக்கமாகப் போய் வெளியேற்றப்பட்டார்கள். சிவப்பு வலப்பக்கம், வெள்ளை இடப்பக்கம், நடுவே போக வேண்டும். அந்த இரண்டு நிறத்தில் துணி காய்ந்தால்கூட அதன்பிறகு அவள் நின்று யோசிப்பாள்.

போட்டி மூன்று நாள். ஒரே குதிரை, ஒரே ஆள். முதல் நாள் மணல் களத்தில் ஒழுக்கம். சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன இடத்தில் நிற்க வேண்டும். இரண்டாம் நாள் வெட்டவெளி. மரக்கட்டை, பள்ளம், குளம் என்று அசையாத தடைகள். இதற்குக் கொஞ்சம் காட்டுத்தனம் வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி களம், பட்டால் விழும் கம்பங்கள். முதல் நாள் அடங்கி, இரண்டாம் நாள் அவிழ்ந்து, மூன்றாம் நாள் ஒன்றுமே நடக்காததுபோல மீண்டும் அடங்க வேண்டும். [மனிதர்களில் இதைச் செய்கிறவளை நல்ல மருமகள் என்பார்கள். இந்த வரியை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும்.]

மூன்றாம் நாள் காலையில், களத்துக்குள் விடுவதற்கு முன், குதிரை நொண்டவில்லை என்று நடுவர் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். அதை நினைத்துத்தான் விடியும் முன்பே வந்தாள்.

நேற்று, தண்ணீருக்குப் பயந்த அதே குதிரை, குளத்தில் யோசிக்காமல் பாய்ந்தது. பாய்ந்த வேகத்தில் இடது முன்னங்காலின் லாடம் சேற்றோடு போய்விட்டது. மிச்ச மூன்று லாடத்தோடு ஓடி முடித்தது. சாயங்காலம் அவள் அப்பா புது லாடம் அடித்தார். தூறல். குதிரைக்குச் சொந்தக்காரியான முதலாளியம்மா பெரிய குடையைப் பிடித்துக்கொண்டு தலைமாட்டில் நின்றாள்.

“இன்னும் எவ்வளவு நேரம்?”

“முடிஞ்சுதும்மா.”

“கொஞ்ச நேரம் முன்னாடியும் இப்படித்தான் சொன்னீங்க.”

“அப்பா, கொஞ்சம் சீக்கிரம்ப்பா,” என்றாள் மகள்.

ஆணி குளம்பின் கெட்டி ஓரத்தில் ஏற வேண்டும். உள்ளே சதை. கொஞ்சம் உள்வாங்கினாலும் சதையை நெருக்கும். அன்றைக்குத் தெரியாது, மறுநாள் தெரியும். ஆணி ஏறும் சத்தத்தை வைத்தே அவருக்குப் புரிந்துவிடும். நேற்று அந்தச் சத்தத்துக்கு மேல் குடையில் தூறல் விழும் சத்தம்.

ஓர் ஆணிக்கு மாப்பிள்ளை காலை வெடுக்கென்று இழுத்தது.

“முறுக்கைப் பாரு,” என்றார் அப்பா. “மாமனார் வீட்டுல இன்னும் என்னடா குறை உனக்கு?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியம்மாகூட. லாடக்காரர் மகளும்தான்.

அந்தச் சிரிப்புதான் தப்பு. அதற்கு வேறு பெயர் வைத்திருந்தால், ஏன் இழுத்தது என்று ஒருவராவது நின்று பார்த்திருப்பார்கள். மாப்பிள்ளை என்று வைத்த பிறகு அது எதைச் செய்தாலும் முறுக்குதான்.

3.

நான் யார் என்றும் சொல்லிவிடுகிறேன். எழுத்தர்.

முதல் நாள் களத்தின் தலைமாட்டில் சின்ன மர அறையில் நடுவர் உட்கார்ந்திருப்பார். ஒவ்வோர் அசைவுக்கும் பத்துக்கு இத்தனை என்று சொல்லிக்கொண்டே போவார். அவர் குதிரையிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாதாம். அதனால் பக்கத்தில் எழுத ஓர் ஆள். அந்த ஆள் குதிரையைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் எழுத்து பின்தங்கிவிடும்.*

எங்கள் வீட்டில் முதல் பட்டம் என்னுடையது. இலக்கியம். கண்ணாடிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது, வருகிறவர்கள் எல்லாம் பார்த்துவிட்டு “இப்ப என்ன பண்றே?” என்று கேட்பதற்கு வசதியாக. அடுத்தவர் பார்ப்பதை எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். சொன்னதில்லை.

* நடுவர் அடிக்கடி சொல்லும் சொற்கள்: ‘இறுக்கம்’, ‘நேராக இல்லை’, ‘முன்வரத் தயக்கம்’. நான் வேலை கேட்டுப் போன இடங்களிலும் என் பெயருக்கு எதிரே இவற்றைத்தான் எழுதியிருப்பார்கள்.

4.

ஒரு பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்துவிட்டது. லாடக்காரர்.

முதல் வரைவில் அவரைக் குடிகாரர் ஆக்கினேன். குடிகாரன் செய்த தப்பென்றால் வாசகருக்கு வேலை மிச்சம், ஒரு உச்சுக் கொட்டலோடு அடுத்த பக்கம் போய்விடலாம். இரண்டாவதில் கண் மங்கியவர் ஆக்கினேன். அதற்கு இன்னும் நன்றாக உச்சுக் கொட்டலாம். இரண்டும் பொய். அவர் குடிப்பதில்லை. எறும்பு ஊர்வது வரை கண் தெரியும். வேலை தெரிந்த மனிதர் ஒரு மழைநாளில் அவசரப்படுத்தப்பட்டார், சறுக்கினார். அவ்வளவுதான்.

அந்த ‘அவ்வளவுதான்’ எழுதக் கை வரவில்லை. ஏனென்றால் லாடக்காரருக்கு இரண்டு மகள்கள். இரண்டாவதை இந்தக் கதையிலிருந்து நான்தான் வெட்டி எடுத்தேன். அவள்தான் படித்தவள். அவள்தான் மரப்படியில் உட்கார்ந்து அப்பாவைக் குடிகாரர் ஆக்கிக்கொண்டிருப்பவள்.

சரி. லாடக்காரர் மகள் என் அக்கா. இனிமேல் ‘அவள் அப்பா’ என்று வரும் இடத்திலெல்லாம் எங்கள் அப்பா என்று படித்துக்கொள்ளுங்கள். [முடிந்தவரை மூன்றாம் ஆளாகவே எழுதுகிறேன். சில இடத்தில் அக்கா என்று வந்துவிடும்.]

முடிவை ஏன் அதற்குள் கண்டுபிடிக்க வேண்டும் என்பதற்கும் பதில் இதுதான். கொஞ்ச நேரத்தில் அவள் அந்தக் குதிரைமேல் ஏறி, அவள் தோளுயரக் கம்பங்களை நோக்கி ஓட்டப்போகிறாள். தாண்டிக் கீழே இறங்கும்போது குதிரையின் மொத்த எடையும் முன்னங்காலில் விழும். அந்தக் கால் யோசித்தால் முடிந்தது.

அப்படியிருந்தும் ஏன் ஏறுகிறாள்? முதலாளியம்மாவுக்கு ஓர் அண்ணன் மகன் இருக்கிறான். பூட்ஸ் முகம் பார்க்கலாம் போல மின்னும். இந்தப் போட்டியை முடித்துக் காட்டினால் மாப்பிள்ளை அக்காவிடமே இருக்கும். அடுத்த நிலைக்கும் அவளே ஏறுவாள். முடிக்காவிட்டால் குதிரை அண்ணன் மகனுக்கு. “அவனும் கத்துக்கணும்ல,” என்றாள் முதலாளியம்மா. குட்டைக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இவள். கற்றுக்கொள்ளப்போவது அவன். இதை எழுதும்போது பேனா தாளைக் கிழித்துவிட்டது, மன்னிக்கவும்.

ஆணி விஷயத்தைச் சொல்லிவிடலாமே? சொன்னால் ஆணியைப் பிடுங்கிவிடலாம், காலும் தேறலாம். ஆனால் யார் அடித்தது என்று முதலாளியம்மா கேட்பாள். மற்ற குதிரைகளை எல்லாம் வேனில் வரும் புது லாடக்காரரிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டாள். அக்கா பிடித்த பிடியில்தான் இந்த ஒன்று மட்டும் அப்பாவிடம் இருக்கிறது. ஆணி வெளியே வந்தால் அதோடு அப்பாவும் வெளியே வருவார்.

5.

இனி காலையில் நடந்தது.

கெட்டித் தரையில் நேர்கோடாக ஒரு பாதை. ஒரு பக்கம் நடுவரும் குதிரை டாக்டரும். பக்கத்தில் எழுத்தர். அக்கா களத்தில் இருந்தபோது அவள் மதிப்பெண்ணை வேறோர் ஆள் எழுதினார், விதி அப்படி. காலைப் பரிசோதனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எண்ணை எழுதி, எதிரே ‘சரி’ அல்லது ‘இல்லை’ என்று போடுவது மட்டும்தான் வேலை.

குதிரையைக் கடிவாள வாரைப் பிடித்துக்கொண்டு முதலில் நடத்த வேண்டும், பிறகு கூடவே ஓட வேண்டும். முழு ஓட்டம் இல்லை, டிராட். இரண்டிரண்டு காலாகத் தாளம் போட்டு விழும் மிதமான ஓட்டம். ஒரு முன்னங்கால் வலித்தால், அது தரையில் படும்போது குதிரை தலையை மேலே தூக்கும். நல்ல கால் படும்போது இறக்கும். இந்தத் தலையாட்டலைத்தான் நடுவர் தேடுவார். அது தெரிய வேண்டுமென்றால் வாரை நீளமாக விட்டுப் பிடிக்க வேண்டும். குட்டையாக, வாய்க்குக் கிட்டே இறுக்கிப் பிடித்தால் தலை ஆட முடியாது. நொண்டி மறைந்துவிடும். முரண்டு பிடிக்கிற குதிரை, அதனால் இறுக்கினேன் என்று காரணமும் சொல்லிக்கொள்ளலாம். மாப்பிள்ளையைப் பற்றி அப்படிச் சொன்னால் யாரும் நம்புவார்கள்.

லாடக்காரர் மகள் பாதையின் முனையில் வந்து நின்றாள். மாப்பிள்ளை அவள் தோளில் மூக்கைத் தேய்த்தது. முன் வரிசையில் முதலாளியம்மா. அவளுக்குப் பின்னால் எங்கோ அப்பா. நடத்தினாள். பிறகு ஓடத் தொடங்கினாள். அவள் கை வாரில் —

இந்த வாக்கியம் இங்கே நின்றுவிடுகிறது. ஏனென்றால் நான் அப்போது முந்தைய குதிரையின் எண்ணைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒன்று என்று எழுதியது ஏழு போல இருந்தது. சத்தம் மட்டும் காதில் விழுந்தது. டக் டக், டக் டக். எல்லாம் சமமாக விழுந்த மாதிரியும் இருந்தது, ஒன்றுவிட்டு ஒன்று கொஞ்சம் மெத்தென்று விழுந்த மாதிரியும் இருந்தது. தலையைத் தூக்கியபோது குதிரையின் வால்தான் தெரிந்தது.

நடுவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மேகத்தைப் பார்த்தார்.

“சரி,” என்றார் நடுவர்.

நான் ‘சரி’ என்று எழுதினேன். கையெழுத்து முத்து முத்தாக இருந்தது.

6.

பரிசோதனை முடிந்ததும் லாயத்துக்கு ஓடினேன். அக்கா வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் நின்று மாப்பிள்ளையின் பிடரியைப் பின்னிக்கொண்டிருந்தாள்.

“சாப்பிட்டியா?” என்றாள், திரும்பாமல்.

“வாரை எப்படிப் பிடிச்சிருந்த?”

“கையாலதான்.”

“அக்கா. குட்டையாவா, நீளமாவா?”

“நீ எங்க நின்ன?”

“நடுவர் பக்கத்துல.”

“அதைவிட நல்ல இடம் யாருக்குக் கிடைக்கும். நின்னு பாத்துட்டு என்கிட்ட வந்து கேக்குற.”

“நான் எழுதிட்டு இருந்தேன்.”

“எப்பவும் அதான். பால் பொங்கினாக்கூட ‘பால் பொங்கியது’ன்னு எழுதி வெச்சிட்டுத்தான் அடுப்பை அணைப்ப.”

“விளையாடாத. அதுக்குக் கால் வலிக்குதா இல்லையா?”

“மெதுவா பேசு.”

“அப்பாகிட்ட சொன்னியா?”

“என்னன்னு சொல்ல? சதையில அடிச்சிட்டீங்கன்னா? சீக்கிரம் சீக்கிரம்னு கழுத்தறுத்தது நான். அவரைப் போய் என்ன கேக்கறது.”

“விழுந்துட்டா?”

“விழுந்தா எழுந்துக்குவேன். புதுசா விழப்போறேனா?”

“அது விழுந்துட்டா?”

அக்காவின் கை பின்னலில் நின்றது. மாப்பிள்ளை இடது முன்னங்காலைக் கொஞ்சம் முன்னால் நீட்டி வைத்து நின்றுகொண்டிருந்தது, செருப்பு கடித்த காலை நாம் வைத்துக்கொள்வதுபோல.

“ரெண்டு பேரும் என்ன குசுகுசுன்னு?” அப்பா கதவடியில் நின்றார்.

“ஒண்ணுமில்லப்பா. போய் டீ குடிங்க.”

அப்பா அந்தக் காலைப் பார்த்தார். அப்புறம் அக்காவைப் பார்த்தார். அப்புறம் மறுபடி காலை.

“டீ குடிச்சாச்சு,” என்றார். அங்கேயே நின்றார்.

வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வேலை எதுவும் இல்லை. மதியம் களத்தில் விழும் கம்பங்களை எண்ண வேறு ஆள் இருக்கிறார்.

7.

சில முடிவுகள்.

காலையில் வார் நீளமாகத்தான் இருந்தது. குதிரைக்கு ஒன்றும் இல்லை, நேற்றைய ஓட்டத்தின் அசதி. ஒரு கம்பமும் விழாமல் முடிக்கிறார்கள். முதலாளியம்மா அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்குகிறாள். — சோப்பு விளம்பரத்தில்கூட இவ்வளவு நுரை வராது.

வார் குட்டையாக இருந்தது. முதல் இரண்டு தடையும் நன்றாகப் போகின்றன. மூன்றாவது இரட்டைக் கம்பம். மாப்பிள்ளை எழும்புகிறது, இறங்கும்போது இடது முன்னங்கால் — மாட்டேன். எழுத்தில்கூட அவளை விழவைக்க மாட்டேன்.

எழுத்தர் எழுந்து போய் நடுவரிடம், “அந்தக் குதிரையோட லாடத்தைக் கழட்டிப் பாருங்க சார்,” என்று சொல்கிறாள். — இதில் படித்தவள் ஜெயிக்கிறாள். அதனாலேயே இதன்மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. குதிரையும் போய், அக்காவும் போய், அப்பாவும் போய், உண்மையும் நானும் மட்டும் மிஞ்சுவோம். ஆனால் அக்காவின் எலும்பும் மிஞ்சும். நடுவர் இங்கிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார். இன்னும் நேரம் இருக்கிறது. எழுந்து போகலாம். நான் இந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டிருக்கிறேன். இதையும்.

ஒரு கதையையும் தலையை இறுக்கிப் பிடித்து ஓட்டிக் காட்டலாம், எங்கே நொண்டுகிறது என்று வாசகருக்குத் தெரியாது. நான் விட்டுத்தான் பிடித்திருக்கிறேன். நொண்டுவது உங்களுக்கே தெரியும்.

8.

முன் வரிசையில் முதலாளியம்மா. பக்கத்தில் அண்ணன் மகன், அந்த பூட்ஸோடு. போட்டியில் பெயர்கூடக் கொடுக்காதவனுக்கு இன்று பூட்ஸ் எதற்கு?

ஒலிபெருக்கி அக்காவின் எண்ணைக் கூப்பிடுகிறது. யாரும் வரவில்லை.

மறுபடி கூப்பிடுகிறது. முதலாளியம்மா கழுத்தை நீட்டிப் பார்க்கிறாள். நான் எழுந்துவிட்டேன். நின்றுகொண்டே எழுதுவதால் எழுத்து கோணுகிறது.

வாசல் திறக்கிறது. மாப்பிள்ளை. மேலே அக்கா. பின்னால் வாசலில் அப்பா. வண்டியில் பூட்டி வைத்திருந்த கருவிப் பெட்டி இப்போது அவர் காலடியில் திறந்து கிடக்கிறது. கையில் குறடு. ஆணியைப் பிடுங்கிவிட்டாரா, பிடுங்க வந்தவரை அக்கா தடுத்துவிட்டாளா, இங்கிருந்து படிக்க முடியவில்லை.

உள்ளே வந்ததும் எல்லோரும் குதிரையை நாலு கால் பாய்ச்சலில் விடுவார்கள். அக்கா விடவில்லை. நடுவர் மேடைக்கு முன்னால் போகும் கெட்டிப் பாதையில் திருப்புகிறாள். டிராட். வாரை முழுக்க விட்டுவிட்டாள், அது மாலை மாதிரித் தொங்குகிறது. மாப்பிள்ளையின் கழுத்து அதன் இஷ்டத்துக்கு இருக்கிறது. இப்படி ஓட்டச் சொல்லி யாரும் கேட்கவில்லை. காலையில் பார்க்காதவர்கள் இப்போது பார்த்துக்கொள்ளட்டும் என்பதுபோல நேராக வருகிறாள்.

ஓட்டத்தைத் தொடங்கவும் நிறுத்தவும் அடிக்கும் மணியின்மேல் நடுவரின் கை இருக்கிறது. அடிக்கவில்லை. அப்பா குறடைக் கீழே வைக்காமல் பார்த்துக்கொண்டு நிற்கிறார்.

அக்கா மேலே பார்க்கிறாள். நடுவரை இல்லை. படிகளை, மேல் வரிசையை.

டக் டக், டக் டக். இடது முன்னங்கால் தரையில் படும்போது தலை —

இல்லை. காலையில் இப்படித்தான் தவறவிட்டேன். பேனாவை மூடுகிறேன். மிச்சத்தை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள், நான் பார்க்க வேண்டும்.